நூற்றிருபதில் ஒரு தாலாட்டு

"நான் எழுதிய கவிதைக்கு நானே மெட்டமைத்து வீட்டிலேயே பாட்டாக்கிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த மென்பொருள் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கேள்வியோடு கூடவே ஒரு பட்டியலும் வருகிறது. பத்தாயிரம் ஒலிகள் கொண்ட தொகுப்பா, இருபதாயிரம் கொண்டதா. மாதச் சந்தாவா, மொத்த விலையா. வீணையும் நாகஸ்வரமும் அதில் உண்டா. மெட்டுக்கு ஏற்ற கார்டுகளை அதுவே சொல்லித் தருமா? நாங்கள் நால்வர் பல மாலைகள் உட்கார்ந்து பேசி வந்து சேர்ந்த முடிவு இந்த நண்பர்களுக்கு உவப்பாக இராது. ஆயினும் சொல்லியாக வேண்டும். நாம் மென்பொருள் வாங்குகிற முறை தவறு. எது நம் பாட்டுக்கு வளைந்து கொடுக்கும் என்று கேட்டுப் பார்த்து வாங்குவதை விட்டு, எதில் நிறைய இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறோம். பிறகு பாட்டை அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறோம். வளைத்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பாட்டின் சொல் யாருடைய கவலையோ, அவர்களுடைய கவலைதான் இதுவும். எங்களுக்கு அது எப்படி உறைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பெருமைப்படத்தக்க கதை அன்று.

2019-இல் எங்களில் ஒருவரின் தாயார், எழுபதைக் கடந்தவர், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், தம் பேத்திக்குத் தாலாட்டுப் பாடியதை மகன் கைப்பேசியில் பதிந்து வந்தார். ஏறத்தாழ ஆறு நிமிடம். சுருதிப்பெட்டி கிடையாது, தாளம் கிடையாது. தூளியின் ஆட்டந்தான் தாளம். கேட்டவுடன் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. அதைக் கணினியில் ஏற்றி, பின்னால் ஒரு குழலும் மெல்லிய தந்தி வாத்தியங்களும் சேர்த்து ஒரு பாட்டாக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். கைவசம் புதிதாக வாங்கிய ஒலித்தொகுப்பு ஒன்று வேறு இருந்தது. அதை எங்கேயாவது பயன்படுத்தியாக வேண்டுமே.

மென்பொருளைத் திறந்தோம். வேகம் 120 என்று காட்டிற்று. தாலாட்டுக்கு 60 என்று பாதியாக்கினோம். அம்மாவின் குரல் எந்தக் கட்டத்திலும் ஒட்டவில்லை. முதல் வரி ஒரு வேகம், மூன்றாம் வரி சற்று மெதுவு, கடைசி வரிகள் இன்னும் மெதுவு. சுருதியும் அப்படியே, தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் அரைச்சுரம் இறக்கம். இரண்டு இரவு விழித்து ஒவ்வொரு வரியையும் இழுத்தும் சுருக்கியும் தாளக்கட்டத்துக்குள் அடைத்தோம். சுருதித் திருத்தியைக் கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் கட்டையில் உட்கார்த்தினோம். குழல் சேர்ந்தது, தந்திகள் சேர்ந்தன. எங்கள் காதுக்கு அது அருமையாகவே இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகன் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு தம்பி. பாடுறது யாரு?"

நாங்கள் அதை அன்று வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். 2021-இல் அவர் மறைந்த பிறகுதான் பழைய பதிவைத் தேடினோம். மகன் இடையில் கைப்பேசியை மாற்றியிருந்தார். கணினியிலோ, வட்டில் இடமில்லை என்று, 'பயன்படாத கோப்புகளை நீக்கவா' என்று மென்பொருள் கேட்டபோது 'ஆம்' என்று எங்களில் ஒருவர் அழுத்தியிருக்கிறார். இன்று எங்களிடம் இருப்பது 60-இல், சுத்தமான சுருதியில், யாரோ பாடிய தாலாட்டு. தாலாட்டு போகப்போக மெதுவாகும். குழந்தையின் மூச்சு மெதுவாகிறபோது பாடுகிறவளின் குரலும் மெதுவாகிறது, தணிகிறது. அது அந்தப் பாட்டின் வேலை. நாங்கள் அதைப் பிழை என்று எண்ணித் திருத்தினோம். பிழை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது திரையில் இருந்த கட்டம்.

தவறு எங்களுடையதுதான், மென்பொருள் எங்கள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. ஆனால் அது திறந்த மாத்திரத்தில் நம் முன்னே வைக்கும் தீர்மானங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எந்த இசை மென்பொருளில் புதிய பாட்டைத் தொடங்கினாலும் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு தாளம், பன்னிரண்டு சமமான அரைச்சுரங்கள். இவற்றை யாரும் நம்மைக் கேட்டு முடிவு செய்யவில்லை. சதிசெய்தும் முடிவு செய்யவில்லை. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக மிடி என்ற பொதுமொழி பிறந்தது. கீபோர்டுக்காரர்கள் உண்டாக்கிய மொழியாதலால் அது கீபோர்டையே உலகமாகக் கொண்டது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்போது விடப்பட்டது என்பதே அதன் அடிப்படைச் செய்தி. கட்டைகள் 128. இரண்டு கட்டைகளுக்கு இடையில் நடப்பதற்கு ஒரு சக்கரம் மட்டும் தந்தார்கள். கீபோர்டின் இடப்பக்கத்தில் இருக்கிறதே, அந்தச் சுருதிச் சக்கரம். பெரும்பாலான கருவிகளில் அதன் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றே முன்னமைவில் இருக்கும்.

நம் இசையோ பெரும்பகுதி கட்டைகளுக்கு இடையில்தான் வாழ்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கே தோடி இராது. அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஊசலாடுகிற ஒரு அசைவு; அசைவை நிறுத்தினால் சுரம் மிஞ்சும், ராகம் போய்விடும். சஞ்சீவி மலையைத் தூக்கி வந்த கதையாக, பதிவு செய்த ஒற்றைச் சுரங்களைக் கிலோமீட்டர் கணக்கில் அடுக்கி ஒரு வீணைத் தொகுப்பு என்று விற்கிறார்கள். அதில் ஒரு சுரத்தை எடுத்துச் சக்கரத்தால் நான்கு அரைச்சுரம் இழுத்தால் கம்பி இழுபடும் ஓசை வருவதில்லை; தேய்ந்துபோன டேப் ரிக்கார்டரில் கேசட் தடுமாறுவது போலிருக்கிறது. வீணையில் கம்பியை இழுக்கும்போது மாறுவது சுருதி மட்டுமா? மீட்டிய ஒலி தேயத்தேய இழுப்பின் நிறமும் மாறுகிறது. பழைய மிடி முறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சக்கரம் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே இழுக்கும். மெட்டை வளைத்தால் அதே தடத்தில் வைத்த தம்பூராவும் கூடவே வளையும்.

சொல்லுக்கு நேர்வதையும் பார்ப்போம். தமிழில் குறிலும் நெடிலும் அழகு பற்றிய சங்கதிகள் அல்ல; பொருள் பற்றியவை. மலை வேறு, மாலை வேறு. விடு வேறு, வீடு வேறு. படு வேறு, பாடு வேறு. நான்கு தாளக்கட்டம் நீளமுள்ள ஆயத்த லூப் ஒன்றைப் போட்டு, அதன் மேல் சொற்களை ஒட்டுகிறபோது, இடம் நிரப்புவதற்காக 'மலை' நீண்டு 'மாலை' ஆகிறது. நெருக்கடியில் 'வீடு' குறுகி 'விடு' ஆகிறது. குறில் நீள்வது தமிழ்ப் பாட்டுக்குப் புதிதா என்று கேட்பார்கள். புதிதன்று. மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கமும் புதிதன்று. ஆனால் அங்கே இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்லுவார். 'தன்னானே' என்றாலே இரண்டாம் எழுத்தில் அழுத்தம், மூன்றாவதில் நீட்சி என்று பாடலாசிரியருக்குத் தெரிந்துவிடும். எங்கே நீட்டுவது, எங்கே முடுக்குவது என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் வாயால் ஒப்படைத்த காரியம் அது. நீட்டினாலும் தெரிந்து நீட்டினார்கள். லூப்புக்கு அந்தப் பேச்சு கிடையாது.

பாட்டெழுதுவதற்கென்றே விற்கும் மென்பொருள்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. மாஸ்டர்ரைட்டர் போன்றவை ஆங்கிலப் பாடலாசிரியர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதோடு ஈற்றில் ஒலி ஒத்த சொற்களை அள்ளித் தரும். ஆங்கிலப் பாட்டுக்கு ஈற்றொலி ஒப்புமை அரிய சரக்கு. தேடித்தான் எடுக்க வேண்டும். தமிழில் வந்தான், நின்றான், சென்றான், சொன்னான் என்று வினைமுற்றே வாக்கியத்தின் கடைசியில் இயைபோடு வந்து நின்றுவிடுகிறது. சும்மா கிடைப்பதற்கு மதிப்பேது? அதனால்தானோ என்னவோ நம் யாப்பு அடியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டது. முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை; இரண்டாமெழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அந்த மென்பொருளின் வழியையே தமிழுக்கும் வழியாகக் கொண்டு எழுதுகிற இளைஞர்களின் பாட்டைக் கேட்டால், ஒவ்வொரு வரியும் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. எதுகையின் தெறிப்பு இல்லை. குற்றம் அவர்களுடைய திறமையில் இல்லை. தேடிய அலமாரியில் அது வைக்கப்படவே இல்லை.

கார்டுகளைப் பரிந்துரைக்கும் கருவிகளும் இவ்வாறே. ஸ்கேலர், ஹூக்பேட் முதலியவற்றில் ஒரு சுரவரிசையைத் (ஸ்கேல்) தேர்ந்தால் அதற்குப் பொருந்தும் கார்டு வரிசைகளைக் காட்டுகின்றன. அவற்றை வைத்துக் கற்றுக்கொள்ளலாம், நாங்களும் கற்றிருக்கிறோம். ஹம்ஸத்வனி அதன் மேல் ஒருவாறு உட்காரும். ஆனால் கார்டு வரிசையை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் மெட்டைத் தேடுகிறவர், கார்டின் சுரங்களுக்குள்ளேயே தேடுவார். ஏற்கெனவே பலர் நடந்து தேய்ந்த தடத்தில் அவருடைய மெட்டும் போகும். பிறகு "ஏன் எல்லாப் பாட்டும் ஒரேமாதிரி இருக்கின்றன?" என்று நாமே கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், எதிர்பார்க்கிறோம். "நீங்கள் அந்த ஹார்மோனியத் தடைக்காரர்களின் வாரிசுகள்!" நியாயமான வசைதான். பாரதி தம் சங்கீதக் கட்டுரையில் ஹார்மோனியத்தைச் சாடினார். 1940-இல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. 1971 வரைக்கும் அந்தத் தடை நின்றது. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று கமகம் அதில் வராது என்பது. இடைப்பட்ட அத்தனை ஆண்டும் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஹார்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. தடை போட்டு எந்த வாத்தியத்தையும் யாரும் வீட்டை விட்டுத் துரத்தியதில்லை. துரத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை.

நாங்கள் சுட்டுவது ஹார்மோனியத்தின் கதையை அன்று, வயலினின் கதையை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் வயலினைக் கையிலெடுத்தபோது அது முற்றிலும் ஐரோப்பியக் கருவி. நாம் அதை வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. நான்கு கம்பிகளையும் நம் ஆதார ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்குமாகச் சேர்த்தோம். நின்று வாசித்ததைத் தரையில் அமர்ந்து, தலைப்பகுதியைக் கால்மேல் ஊன்றி வாசித்தோம். தாங்கிப் பிடிக்கும் வேலையிலிருந்து இடக்கை விடுபட்டது. ஜாருவும் கமகமும் தாராளமாக வந்தன. நம் காலத்திலேயே மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகள் கொண்ட கருவியை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினாக மாற்றிக்கொண்டு உலகை வியக்க வைத்தார். இவர்கள் யாரும் கடையில் எந்த மாண்டலினில் நிறைய ஒலிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கருவியை எடுத்தார்கள். தங்கள் காதுக்கு அது இணங்கும்வரை அதைப் படுத்தினார்கள். வயலினின் கம்பியை மாற்றத் துணிந்த மரபுக்காரர்கள், மென்பொருளில் 120 என்ற எண்ணை மாற்றத் தயங்குகிறோம்.

இரண்டாவது மறுப்பு ரகுமான் பெயரால் வரும். "அவர் கணினியைக் கொண்டுதானே எல்லாம் செய்தார்?" 1989-இல் தம் வீட்டை ஒட்டியே அவர் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார், 1992-இல் 'ரோஜா' வந்தது. உண்மை. அதற்கு முன்னால் சிறுவயது முதலே பல இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்த ஆண்டுகள் எங்கே போயின? இயந்திரத்தை அவர் நாடியபோது, எந்த ஒலி வேண்டும் என்பது அவர் காதில் முன்பே இருந்தது. வெளிநாட்டு உதாரணம் வேண்டுவோர் பில்லி ஐலிஷைச் சொல்வார்கள். 2019-இல் வந்த அவருடைய முதல் முழுத்தொகுப்பின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணன் ஃபினியஸின் சிறிய படுக்கையறையில் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருதுகள் கிடைத்தன. அந்தத் தொகுப்பைக் கேட்டவர்கள் அறிவார்கள்: வாத்தியங்கள் மிகக் குறைவு. காதோரம் கிசுகிசுப்பது போல் ஒரு குரல், அதைச் சுற்றி இடைவெளி. அந்த அறையில் பெரிதாக இருந்தது ஒலித்தொகுப்பு அன்று. குரலைக் கேட்கும் பொறுமை.

எண்ணிக்கை மயக்கம் இன்று பிறந்ததும் அன்று. 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. புதிய ஒலிகளை ஆக்குவதற்கு அதுவரை யாரும் காணாத வழிகள் அதில் இருந்தன. ஆனால் ஆக்குவது கடினம். ஆகவே வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆலையிலிருந்து வந்த 32 ஒலிகளையே வாசித்தார்கள். அதிலிருந்த ஒரு மின்பியானோ ஒலி, 1980-களின் காதல் பாட்டுகளையெல்லாம் ஒரே சாயலில் நனைத்துவிட்டது. பிரையன் ஈனோ போன்ற சிலர்தாம் உட்கார்ந்து அதன் உள்ளே புகுந்தார்கள். அன்று 32 ஒலி; இன்று முப்பதாயிரம். ஆயத்த ஒலி எத்தனை இருந்தாலும் அதைப் புரட்டுகிற விரல் ஒன்றுதான். ஒரு மாலை முழுவதும் ஒலிகளைப் புரட்டிப் புரட்டி, மனத்தில் வந்த மெட்டை மறந்துவிட்டுத் தூங்கப் போகாத வீட்டு இசையமைப்பாளர் எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? வசைபாடிவிட்டு நழுவுகிறவர்கள் அல்ல நாங்கள்.

முதலில் வாங்க வேண்டியது ஒலிவாங்கி. ஓரளவு நல்ல ஒலிவாங்கியும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறிய ஆடியோ இண்டர்ஃபேஸும். மின்விசிறியை நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து, குக்கர் விசில் அடங்கிய நேரத்தில் பாடிப் பதிந்தால், விலையுயர்ந்த எந்த ஒலித்தொகுப்பிலும் கிடைக்காத ஒன்று கிடைத்துவிடும்: வளையத் தெரிந்த ஒரு வாத்தியம். மெட்டை முதலில் தாளமின்றிப் பாடிப் பதியுங்கள். அதன் வேகம் என்ன என்று அதைக் கேட்டு அறிந்த பிறகு மென்பொருளுக்குச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் வேகத்தை வரிக்கு வரி மாற்றும் வசதி உண்டு. ஐந்தும் ஏழும் கொண்ட சாபு தாளங்களும் ஒரு சொடுக்கில் வரும். யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. நாம் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவே.

பதிவு மென்பொருளில் எதுவாயினும் சரி. ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவர்களுக்கு ரீப்பர் இருக்கிறது. அறுபது நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். கட்டற்ற மென்பொருள் வேண்டுவோருக்கு ஆர்டரும் எல்.எம்.எம்.எஸ்ஸும் உள்ளன. இவற்றுள் எதை எடுத்தாலும் நம் பாட்டுக்கு இவை தாங்கும். ஒன்றை எடுத்து ஓராண்டு அதை விடாமலிருப்பதே பெரிய காரியம்.

மெய்நிகர் வாத்தியத்தை வாங்குமுன் மூன்று சோதனை செய்யச் சொல்லுகிறோம். ஒரே சுரத்தைப் பத்து விநாடி பிடித்துக் கேளுங்கள். அதற்குள் அலுத்துவிட்டால் அந்த வாத்தியம் வேண்டாம். மிக மென்மையாக அழுத்திக் கேளுங்கள். சத்தம் மட்டும் குறைகிறதா, நிறமும் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு சக்கரத்தின் எல்லையைப் பன்னிரண்டு அரைச்சுரமாக்கி, ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு போய்ப் பாருங்கள். பெரும்பாலான தொகுப்புகள் இந்த மூன்றாவதில் விழுந்துவிடும். பதிந்த சுரங்களைத் திருப்பி ஒலிப்பவற்றைவிட, ஒலியைக் கணக்கிட்டு அந்தக் கணத்தில் உண்டாக்கும் சிந்தசைசர்கள் இழுப்புக்கு நன்றாக இணங்குகின்றன. 2018-இல் கட்டற்ற மென்பொருளாக்கப்பட்ட சர்ஜ் அவ்வகையில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவி. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழிசெய்யும் எம்.பி.இ. முறை 2018-இல் ஏற்கப்பட்டது; 2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 அதையே அடிப்படையில் சேர்த்துக்கொண்டது. சர்ஜ் எம்.பி.இ.யை ஏற்கும், சுரஸ்தானங்களை நாமே வகுத்துக்கொள்ளும் ஸ்கேலா கோப்புகளையும் ஏற்கும். ஸ்கேலா கோப்பைப் போட்டுவிட்டால் ராகம் வந்துவிடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். சுரங்களின் இடத்தை அது மாற்றும். இடங்களுக்கிடையே நடப்பதை விரல்தான் செய்ய வேண்டும்.

நாகஸ்வரம் வேண்டுமா? நாகஸ்வரக்காரரை அழையுங்கள். முகூர்த்த நாள் இல்லாத மாதங்களில் அவர் வீட்டில்தான் இருப்பார். உங்கள் கூடத்தில் நாகஸ்வரத்தின் சத்தம் அடங்காது. தோப்பிலோ கோயில் மண்டபத்திலோ கைப்பேசியிலேயே பதிந்துகொள்ளலாம். ஒலித்தொகுப்புக்குக் கொடுக்க எண்ணிய தொகையை அவரிடம் கொடுங்கள். அவர் வாசிப்பதற்கும் உங்கள் மெட்டுக்கும் இடையே ஒரு சண்டை வரும்; அந்தச் சண்டையில் உங்கள் மெட்டு நிச்சயம் மேம்படும். ஒலித்தொகுப்பு உங்களோடு ஒருபோதும் சண்டை போடாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது: மென்பொருள் வாடகை வீடு. 2002-இல் ஆப்பிள் நிறுவனம் எமாஜிக்கை வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் வடிவம் நின்றுபோயிற்று. 2017 நவம்பரில் கிப்சன் நிறுவனம் கேக்வாக்கின் வளர்ச்சியை நிறுத்தியது. மறு ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கிக் காப்பாற்றியது அதன் பயனர்களின் அதிர்ஷ்டம். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டுமே என்று அறிவித்து, எழுந்த கூச்சலில் சில நாளிலேயே பின்வாங்கிற்று. நம் பாட்டு அவர்களுடைய கோப்பு வடிவத்தில் மட்டும் இருந்தால், அவர்களின் கணக்குப் புத்தகத்தோடு அதன் ஆயுளும் கட்டுண்டது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எல்லாத் தடங்களையும் சாதாரண ஒலிக்கோப்பாகத் தனித்தனியே எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். முக்கியமாக, திருத்தாத முதல் பதிவை வையுங்கள். இதை யார் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, இந்தச் சிரமமே வேண்டாம் என்போர். சூனோ, உடியோ போன்றவற்றில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் குரல், மெட்டு, வாத்தியம் எல்லாம் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. தங்கள் பதிவுகளைக் கேளாமல் எடுத்துப் பழக்கினார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் இவற்றின் மேல் வழக்குத் தொடுத்தன. 2025 இறுதியில் அவற்றுள் சில கைகுலுக்கிக்கொண்டன. அந்த வழக்கு அவர்களுக்குள். நமக்கு அது காட்டுவது வேறு. லூப்பை அவனிடம் வாங்கி, கார்டை இவனிடம் வாங்கி, ஈற்றொலியை மற்றொருவனிடம் வாங்கி வந்த பாதையின் இயல்பான முடிவு இதுதான். தீர்மானங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்தவர், மிச்சமிருந்ததையும் கொடுத்துவிடுகிறார். சுமைதூக்கியது போதும் என்று இறக்கி வைத்தவருக்குக் கைவலி இல்லை. கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் கணினியில் அந்தத் தாலாட்டு இன்னும் இருக்கிறது. சென்ற ஆண்டு அந்தப் பேத்திக்குத் தம்பி பிறந்தான். குழந்தையைத் தூங்கவைக்க அப்பா அதைப் போட்டுப் பார்த்தார். குழந்தை கண்ணை விழித்துக்கொண்டு கேட்டதே தவிர உறங்கவில்லை. பாட்டு கடைசிவரை அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் அதை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் கேட்ட நினைவில், சுருதியில்லாமல், பாதி மறந்த சொற்களோடு தாமே பாடினார். ஒவ்வொரு வரியிலும் சற்று மெதுவாகிக்கொண்டே போனார். இந்த முறை யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. செய்திருக்க வேண்டும், அடுத்த முறை செய்வோம். திருத்த மாட்டோம்.